மார்ச் மாதக் கூடைப்பந்து ஊகப் போட்டி: போன வருசச் சண்டை திரும்ப வராமல் நடத்துவது எப்படி?

டிக்கோயா பிளேன்டீ கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். விளையாட்டுப் பகுதியில் போடுவதா பொதுப் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன், இடம் தப்பென்றால் யாராவது மாற்றிவிடுங்கள்.

விசயம் இதுதான். அமெரிக்காவில் ஒவ்வொரு மார்ச்சிலும் பல்கலைக்கழக அணிகளுக்கு ஒரு கூடைப்பந்துத் தொடர் நடக்கும். 68 அணிகள், ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். டொரொன்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகன் வேலை செய்யும் இடத்தில், தொடர் ஆரம்பிக்குமுன்பே யார் யார் ஜெயிப்பார்கள் என்று இறுதி ஆட்டம் வரைக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் மூன்று வாரமும் அடுத்தவன் தாளைப் பார்த்துச் சிரிப்பதுதான் வேலையாம். அந்தத் தாளுக்குப் பிராக்கெட் என்று பேர். அவன் அதை எங்கள் ஏ.எல். (உயர்தர வகுப்பு) பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் பகிடிக்குப் போட, நான் சும்மா இராமல் "நாமும் செய்தால் என்ன" என்று வாயைக் கொடுத்து, இப்போது அமைப்பாளர், கணக்கப்பிள்ளை, நீதவான் எல்லாம் நான்தான்.

போன வருசம் 23 பேர் எழுதினார்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை ஆட்கள், பதுளையில் இரண்டு பேர், கொழும்பில் கடையில் நிற்கும் நாலைந்து பேர், பிறகு எங்கள் வீட்டு ஆட்கள். இதில் கூடைப்பந்து உண்மையாகவே ஆடினவன் ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு அது வலைப்பந்துக்கு அண்ணன் மாதிரி ஏதோ ஒன்று. "தர்ஜினியும் ஆடுதா?" என்று நம் வலைப்பந்து வீராங்கனையை நினைத்து என் அம்மா இன்றைக்கும் கேட்பார்.

காசு கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பக்கம் போகிற எண்ணமே இல்லை. ஜெயித்தவருக்கு ஒரு கொத்து ரொட்டி. கடைசியாக வந்தவர், சித்திரைப் புதுவருசத்துக்கு முன் நாங்கள் கூடுகிற அன்று எல்லோருக்கும் வடையும் பிளேன்டீயும் வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். அதற்கே இவ்வளவு சண்டை.

முதல் சண்டை, நேரம். வியாழக்கிழமை இரவு எங்கள் நேரம் 9.45 அளவில் முதல் ஆட்டம் தொடங்கியது. 10.40க்கு ஒருவருடைய தாள் வந்து விழுகிறது. "நான் ஏழு மணிக்கே அனுப்பிவிட்டேன், டவர் இல்லை" என்கிறார். நம் பக்கத்தில் டவர் இல்லை என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய்யென்று யார் நிரூபிப்பது? ஏற்றுக்கொண்டேன். அன்றையிலிருந்து மற்ற 22 பேரும் என்னைப் பார்க்கிற பார்வை வேறு.

இரண்டாவது, என் சித்தப்பா ஜெயித்தது. அணிகளை நாலு பிரிவாக்கி ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தர எண் போடுவார்கள், 1தான் பலசாலி. அவர் அணிப் பேரையே பார்க்கவில்லை. பேருக்கு முன்னால் இருக்கிற தரவரிசை எண்ணில் எது சின்னதோ அதையே கடைசி வரைக்கும் எழுதினார். நாலு முதல் தர அணிகள் மிஞ்சியதும் "புளோரிடாவை எழுது, அந்தப் பேரைத்தான் எனக்கு வாசிக்க வருகிறது" என்றார். புளோரிடா கிண்ணத்தைத் தூக்கியது! ஆடத் தெரிந்த அந்த ஒரே நண்பன் முதல் சுற்றில் 32க்கு 27 சரியாக எழுதியிருந்தும் நாலாவது இடம். அவன் சம்பியனாக எழுதியது டியூக். அரையிறுதியில் கடைசி அரை நிமிடத்துக்கு முன் 6 புள்ளி முன்னால் இருந்த டியூக், ஹூஸ்டனிடம் 70-67 என்று கோட்டை விட்டது. ஞாயிறு காலை பல் விளக்கிக்கொண்டே போனில் பார்த்தவன் அன்று முழுக்க யாருடனும் கதைக்கவில்லை. "இது கூடைப்பந்தில்லை மச்சான், லொத்தர்" என்று பிறகு சொன்னான்.

மூன்றாவது, பாதிப் பேர் இரண்டாம் வாரத்திலேயே குழுவை மியூட் பண்ணிவிட்டார்கள். தாங்கள் எழுதிய சம்பியன் வெளியே போய்விட்டால் அப்புறம் என்ன அக்கறை?

நாலாவது ஒன்று, சின்னதுதான், ஆனால் எனக்கு மறக்காது. ஒரு தாளில் அரையிறுதிக் கட்டத்தின் மேல் உளுந்து வடை எண்ணெய் ஊறி, அடியில் ஹூஸ்டன், அதன்மேல் டியூக், அதையும் ஒரு கோடு அடித்து மறுபடி ஹூஸ்டன் மாதிரி ஏதோ எழுதியிருந்தது. போட்டோவைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். எழுதியவருக்கே தான் எழுதியது எதுவென்று தெரியவில்லை. ஹூஸ்டன் ஜெயித்த பிறகு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இந்த மார்ச் 19 வியாழன் மறுபடி தொடங்குகிறது. புள்ளிக் கணக்கு, முடிவு நேரம், ஆட்களைக் கடைசி வரை இழுத்து வைப்பது, இந்த மூன்றுக்கும் யாராவது நடத்திப் பழக்கப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.


கொட்டகலை கணக்கு எழுதியது:

தம்பி, நீங்கள் எந்தக் கணக்கில் புள்ளி போட்டீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் சித்தப்பா கதையைப் பார்த்தால் 1-2-4-8-16-32 என்று சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கிற கணக்காகத்தான் இருக்கும். பெரிய இணையத்தளங்கள் எல்லாம் அதையே பத்தால் பெருக்கிப் போடுகின்றன. பார்க்க நியாயமாக இருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 32 புள்ளி, ஆறு சுற்றுக்கு 192. ஆனால் சம்பியனைச் சரியாக எழுதியவருக்கு அந்த ஒரு அணியால் மட்டும் 1+2+4+8+16+32, அதாவது 63 புள்ளி வருகிறது. 192இல் 63! மூன்றில் ஒரு பங்கு ஒரே ஒரு பேரில் தொங்குகிறது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்கே வராதவர் பின்னேரம் ஒரு கூடை கொழுந்தைக் கொண்டுவந்து போட்டு முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், வாங்குவதும், விடிய வந்து நின்றவர் அரைப் பேரோடு போவதும் மாதிரி.

எங்கள் ஆசிரியர் அறையில் நான் மூன்று வருசமாக இதை நடத்துகிறேன். (அதிபருக்குத் தெரியும், அவரும் எழுதுவார், வழக்கமாகக் கடைசிக்கு முந்தின இடம்.) நாங்கள் வைத்திருப்பது 2-3-5-8-13-21. முதல் சுற்று ஆட்டம் ஒன்றுக்கு 2, இரண்டாம் சுற்றுக்கு 3, அப்படியே போய் இறுதி ஆட்டத்துக்கு 21. மொத்தம் 231. இதில் சம்பியன் அணி தருவது 52 புள்ளி, கால் பங்குக்கும் குறைவு. சம்பியனைத் தவறவிட்டவருக்கும் கடைசி வாரம் வரை எட்டிப் பிடிக்க வழியிருக்கும். அதே நேரம் 1-2-3-4-5-6 என்று ரொம்பவும் தட்டையாகவும் ஆக்கவேண்டாம், அப்படிச் செய்தால் முதல் வார முடிவிலேயே முன்னால் ஓடியவரைப் பிறகு யாரும் தொட முடியாது. இரண்டையும் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, போன வருசத்தை வைத்து விதி செய்யாதீர்கள். 2025இல் நாலு முதல் தர அணிகளும் அரையிறுதிக்கு வந்தன, அது 2008க்குப் பிறகு இப்போதுதான் நடந்தது, அதற்கு முன் ஒருபோதும் இல்லை. சித்தப்பாவுக்கு வாய்த்த வருசம் அது. 2023இல் இதே மாதிரி எழுதியிருந்தால் நாலில் ஒன்றுகூடச் சரியாக வந்திராது, அந்த முறை முதல் தர அணி ஒன்றுகூட அரையிறுதிக்கு வரவில்லை.

சமநிலை வந்தால் இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்த்து எத்தனை புள்ளி என்று தாளின் அடியில் எழுதச் சொல்லுங்கள், கிட்ட வந்தவர் மேலே. 2025இல் 65-63, கூட்டினால் 128. அதற்கு முந்தின வருசம் 75-60, அது 135. இதை ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஆசிரியர் ஒருவர் கால்பந்து நினைப்பில் 3 என்று எழுதியிருந்தார்.


நல்லதண்ணிக் கடைப் பையன் எழுதியது:

அண்ணா, நேரத்துக்கு என்னிடம் ஒரே விதிதான். எப்போது அனுப்பினாய் என்பது கணக்கில்லை, குழுவில் எப்போது வந்து விழுந்தது என்பதுதான் கணக்கு. டவர் இருக்கிற இடத்துக்கு நடந்து போய் அனுப்புவது எழுதுகிறவன் பொறுப்பு. நான் சிவனொளிபாத மலைக்குப் போகிற சனத்துக்கு இரவு முழுக்க டீ ஊற்றுகிறவன், சீசன் நேரம் எனக்கு நித்திரையே கிடையாது, நானே நேரத்துக்கு அனுப்புகிறேன் என்றால் மற்றவர்களுக்கு என்ன?

முடிவு நேரத்தை ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் வைக்காதீர்கள். வியாழன் பின்னேரம் 6 மணி என்று வையுங்கள். 9.45 வரைக்கும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இருக்கிறது, பிந்தினவனைத் திட்டுவதற்கும், தாள்களை எல்லாம் குழுவில் போடுவதற்கும். ஆமாம், எல்லோருடைய தாளையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே குழுவில் போட்டுவிட வேண்டும், அப்புறம் யாரும் வடை எண்ணெய்க் கதை சொல்ல முடியாது. உங்களுடைய தாளை நீங்கள் வைத்திருக்காமல் வேறொருவரிடம் முதலில் கொடுத்துவிடுங்கள். சீட்டுப் பிடிக்கிறவர் முதல் சீட்டைத் தானே எடுத்தால் ஊர் என்ன சொல்லும், அதே கதைதான்.

அங்கே அணிப் பட்டியல் அறிவிப்பது ஞாயிறு பின்னேரம், நமக்கு அது திங்கள் விடியக்காலம். ஆக திங்கள் தொடங்கி வியாழன் வரை நாலு நாள் இருக்கிறது, தாராளம். செவ்வாயும் புதனும் நடக்கிற நாலு ஆட்டத்தை விட்டுவிடுங்கள், அது 68ஐ 64 ஆக்குகிற வேலை. அந்த இடத்தில் யார் வந்தாலும் சரி என்று எழுதிக்கொள்ளலாம். அதையும் சேர்த்தால் முடிவு நேரம் இரண்டு நாள் முன்னால் போய்விடும், யாரும் எழுதமாட்டார்கள்.


ராகலை அக்கா எழுதியது:

நான் கேட்கிறேன், கூடைப்பந்தே தெரியாத 22 பேரை 63 ஆட்டத்துக்குப் பேர் எழுதச் சொன்னால் பாவமில்லையா? என் வேலையிடத்தில் பெண்கள் நாங்கள் 2022 உலகக் கிண்ணக் கால்பந்துக்குச் செய்தது வேறு வழி. 32 நாடு, பேரைத் துண்டுகளில் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுத்தோம். எனக்கு வந்தது கட்டார், நடத்துகிற நாடே மூன்று ஆட்டமும் தோற்று வெளியே போனது, அது வேறு கதை. ஆனால் ஆர்ஜென்டினா எடுத்த அக்கா அந்த ஒரு மாதமும் ராணி மாதிரித்தான் நடந்தார், பந்தைக் காலால் உதைத்தே இராதவர்.

உங்கள் தொடருக்கு 64 அணி. 16 பேர் என்றால் ஆளுக்கு நாலு அணி சரியாக வரும். அப்படியே கலந்து குலுக்காமல் 1 முதல் 4ஆம் தரம் வரை ஒரு டின், 5 முதல் 8 வரை ஒரு டின், 9 முதல் 12 வரை ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. ஒவ்வொரு டின்னிலும் 16 துண்டு இருக்கும். டின்னுக்கு ஒன்று எடுத்தால் எல்லோருக்கும் ஒரு பலசாலியும் ஒரு நோஞ்சானும் கிடைக்கும். 23 பேர் என்கிறீர்கள், புருசன் பெண்டாட்டி, அண்ணன் தங்கை என்று ஏழு சோடி சேர்த்தால் 16 ஆகிவிடும். எழுதத் தெரிந்தவர்கள் பிராக்கெட் எழுதட்டும், மற்றவர்களுக்கு டின். இரண்டும் ஒரே குழுவில் ஓடலாம், சண்டையும் குறையும், குலுக்கியதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

கடைசி டின்னில் இருக்கிறவர்களுக்கும் ஒரு பரிசு வைக்க மறக்காதீர்கள். 13 முதல் 16 வரை இருக்கிற அணி ஒரு ஆட்டம் ஜெயித்தாலே ஒரு சொக்லட் என்று. அந்தச் சொக்லட்டுக்காக இரவு பன்னிரண்டு மணிக்குப் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள் பாருங்கள்.

இன்னொரு விசயம், பெண்களுக்கும் இதே 68 அணித் தொடர் அதே மாதத்தில் நடக்கிறது, யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் அம்மா தர்ஜினியைக் கேட்கிறாரே, அவருக்கு அதைக் கொடுங்கள். அங்கே பெரிய அணிகள் சறுக்குவது குறைவு, புதிதாக எழுதுகிறவருக்கு மனம் விட்டுப்போகாது.


பழைய சென்டர் எழுதியது:

பாடசாலைக் காலத்தில் ஆறு வருசம் கூடைப்பந்தில் சென்டர் இடத்தில் ஆடினவன் நான், அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். நம் மாகாணப் போட்டிக்கு யாராவது இப்படித் தாள் எழுதியிருக்கிறோமா? சீமெந்துத் தரையில், மழை பெய்தால் பனி இறங்கினால் நின்றுபோகிற ஆட்டம் நம்முடையது, அதைப் பார்க்கப் பத்துப் பேர் வந்தால் பெரிய விசயம். சரி, அது கிடக்கட்டும். அமெரிக்கத் தொடரையும் நான் விடாமல் பார்க்கிறேன், மறைக்கவில்லை.

உங்கள் நண்பன் லொத்தர் என்றது பாதிதான் சரி. எங்கே லொத்தர், எங்கே இல்லை என்று தெரிந்து எழுதவேண்டும். முதல் சுற்றில் 1ஆம் தரம் 16ஆம் தரத்தோடு ஆடும். 1985இல் 64 அணியானதிலிருந்து 2025 வரை இப்படி 160 ஆட்டம் நடந்ததில் இரண்டே இரண்டு தடவைதான் 16 ஜெயித்தது. 2018இல் வேர்ஜினியாவை மேரிலண்டின் பால்டிமோர் கவுண்டி வளாக அணி 74-54 என்று அடித்தது, 2023இல் பர்டியுவை ஃபெயார்லி டிக்கின்சன் 63-58 என்று அடித்தது. ஆகவே அங்கே வீரம் காட்டவேண்டாம், 1ஐ எழுதிவிட்டுப் போங்கள். 8க்கும் 9க்கும் நடக்கிற ஆட்டம் காசு சுண்டுகிற மாதிரி, அதில் மண்டையை உடைப்பது வீண். விசயம் இருப்பது 5க்கும் 12க்கும் நடக்கிற நாலு ஆட்டத்தில். மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் 12 ஜெயித்து வந்திருக்கிறது. போன வருசமும் மெக்நீஸ் கிளெம்சனையும், கொலராடோ ஸ்டேட் மெம்பிஸையும் அனுப்பிவைத்தன. ஆனால் 2018இலும் 2023இலும் ஒரு 12கூட ஜெயிக்கவில்லை. நான் எப்போதும் ஒரு 12ஐ எழுதுவேன், சில வருசம் இரண்டு, நாலையும் எழுதுவது மடத்தனம்.

ஏன் 12 அடிக்கடி ஜெயிக்கிறது என்றால், அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் சின்னக் குழுமத்தில் (பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடுகிற லீக்) சம்பியனாகி வந்த அணி. நாலாம் வருசம் படிக்கிற, ஒன்றாகவே ஆடிப் பழகின பையன்கள். எதிரே இருக்கிற 5, பெரிய குழுமத்தில் அடியும் உதையும் வாங்கி நடுவில் வந்த அணி. அதிலும் தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிகிற அணிக்கு ஒரு நாள் கை சூடானால் போதும், ஒரே ஆட்டம்தானே.

கதையாகச் சொல்வதென்றால் 2022இல் சென் பீட்டர்ஸ் என்று ஒரு சின்னக் கல்லூரி, 15ஆம் தரம், கென்டக்கியை அடித்து, இன்னும் இரண்டு பேரை அடித்து, கடைசி எட்டு வரைக்கும் வந்தது. அதை எழுதியவன் எவன்? ஒருத்தனும் இல்லை. இதற்காகத்தான் நான் சொல்வேன், எதிர்பாராத வெற்றியைச் சரியாக எழுதியவருக்கு மேலதிகப் புள்ளி கொடுக்கவேண்டும். இரண்டு அணியின் தர எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தையே மேலதிகமாகக் கொடுங்கள். 12 ஜெயித்தால் 7. சித்தப்பா மாதிரி சின்ன எண்ணை எழுதுகிறவர்களுக்கு அப்போது விளங்கும்.


கொட்டகலை கணக்கு எழுதியது:

சென்டர் அண்ணா, மற்ற எல்லாம் சரி, அந்த மேலதிகப் புள்ளியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. போட்டுப் பாருங்கள். முதல் சுற்றுக்கு 2 புள்ளி, 12ஐச் சரியாக எழுதினால் 2+7 ஆக 9. மூன்றுக்கு ஒரு தடவை ஜெயிக்கிறது என்றால் சராசரியாக 3 புள்ளி வருகிறது. 5ஐ எழுதினால் 2 புள்ளி, மூன்றுக்கு இரண்டு தடவை, சராசரி 1.33. அப்படியென்றால் நாலு 12ஐயும் எழுதுவதுதான் புத்திசாலித்தனம் ஆகிவிடும். இப்போதுதான் நீங்களே அதை மடத்தனம் என்றீர்கள். இந்த விதியை நாங்களும் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்த வருசம் எல்லோருடைய தாளும் ஒரே மாதிரி, எல்லாம் பெரிய எண்.

ஆசையாக இருந்தால் வித்தியாசத்தைப் பார்க்காமல் முதல் சுற்றில் மட்டும் தர எண் 10ஐவிடப் பெரிதாக உள்ள அணி ஜெயித்தால் இன்னொரு 2 என்று வையுங்கள். 12க்கு 4 புள்ளி, மூன்றுக்கு ஒரு தடவை, சராசரி 1.33. 5ஐ எழுதினாலும் அதே 1.33. தராசு நேராக நிற்கும், எழுதுகிறவர் தன் மனம் சொல்வதை எழுதுவார்.


பழைய சென்டர் எழுதியது:

கணக்கு வாத்தியாரோடு கணக்கில் மோதியது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 15 ஜெயிப்பதை எழுதினவனுக்கு வெறும் 4 புள்ளி என்பது அநியாயம், அதை நான் சாகும்வரை சொல்வேன்.


நல்லதண்ணிக் கடைப் பையன் எழுதியது:

63 ஆட்டத்தையும் சரியாக எழுதினால் என்ன பரிசு அண்ணா? அதை யாரும் சொல்லவில்லையே.


கொட்டகலை கணக்கு எழுதியது:

தம்பி, என் வீட்டை எழுதித் தருகிறேன். ஆட்டத்துக்கு இரண்டு வழி, 63 ஆட்டம், 2ஐ 63 தடவை பெருக்கினால் 9க்குப் பின்னால் 18 இலக்கம் வரும். 2014இல் வாரன் பஃபெட் இதற்கு 100 கோடி டொலர் தருவதாகச் சொன்னார், ஒருவரும் கிட்டப் போகவில்லை. 2019இல் ஒருவர் முதல் 49 ஆட்டத்தை வரிசையாகச் சரியாக எழுதியிருந்தார், 50ஆவதில் போனது. அதனால் என் வீடு பத்திரம்.


டிக்கோயா பிளேன்டீ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இரவு இருந்து முடிவெடுத்துவிட்டேன், எழுதிப் போட்டால் பிறகு நானே மாற்ற முடியாது என்பதற்காக இங்கே போடுகிறேன்.

புள்ளி 2-3-5-8-13-21. முதல் சுற்றில் தர எண் 10ஐவிடப் பெரிதாக உள்ள அணிக்கு மேலதிகமாக 2, அதற்கு மேல் பேச்சில்லை, சென்டர் அண்ணா மன்னிக்கவும். தாள் வியாழன் பின்னேரம் 6 மணிக்குள் குழுவில் விழவேண்டும், டவர் அவரவர் பாடு. 6.01க்கு வந்தாலும் டின்னில்தான் இடம். ராகலை அக்காவின் டின் யோசனையைக் கேட்டதும் வீட்டில் பெரிய வரவேற்பு, ஏற்கெனவே பிஸ்கட் டின்னைக் காலி பண்ணுகிற வேலை மும்முரமாக நடக்கிறது. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து. வடை சாப்பிட்டுக்கொண்டு எழுதக்கூடாது என்றும் போடலாமா என்று யோசித்தேன், அது கொஞ்சம் அதிகம்.

இரண்டாம் வாரத்துக்கு நானே ஒன்று சேர்த்திருக்கிறேன். 16 அணி மிஞ்சினதும் புதிதாக ஒரு சின்னத் தாள், 15 ஆட்டம் மட்டும், விரும்பினவர்கள் மறுபடி எழுதலாம். பழைய கணக்கோடு சேராது, அதற்குத் தனியாக ஒரு ரோல்ஸ். சம்பியனை இழந்தவர்கள் மியூட்டை எடுக்க இது போதும் என்று நினைக்கிறேன்.

அணிப் பேர்களைத் தமிழில் எழுதித் தாள் அடிக்கப்போகிறேன். போன வருசம் ஆங்கிலத்தில் கொடுத்ததால்தான் சித்தப்பாவுக்குப் புளோரிடா மட்டும் வாசிக்க வந்தது, இந்த முறை 64ஐயும் வாசிக்கட்டும், அப்போது பார்ப்போம். கொன்சாகாவைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

இறுதி ஆட்டம் அங்கே ஏப்ரல் 6 திங்கள் இரவு, நமக்கு 7ஆம் திகதி செவ்வாய் காலை. போன வருசம் 6.20 அளவில் தொடங்கியது, பெரட்டு நேரம். தோட்டத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் இப்போதே கேட்கிறார்கள், அன்றைக்கு லீவு போடுவதா என்று. நான் அதற்குப் பொறுப்பில்லை.

அம்மாவிடம் பெண்கள் தொடரைப் பற்றிச் சொன்னேன், அதுவும் வேண்டுமாம், இதுவும் வேண்டுமாம். போன வருசம் அவர் சம்பியனாக எழுதியது சென் ஜோன்ஸ், கோயில் பேராக இருக்கிறதே என்று. 2ஆம் தரமாக வந்து இரண்டாம் சுற்றில் ஆர்கன்சாவிடம் 75-66 என்று தோற்றார்கள். அணிப் பட்டியலே இன்னும் வரவில்லை, அதற்குள் இந்த முறையும் அவர்களையே எழுதச் சொல்லிவிட்டார். போன வருசம் பட்ட அடியை மறந்திருக்க மாட்டார்களாம்.


நல்லதண்ணிக் கடைப் பையன் எழுதியது:

அண்ணா, அம்மாவின் தாளையும் குழுவில் போடச் சொல்லுங்கள். 6 மணிக்கு முன்.